மூன்று பைட் வந்து சேரும் வரை

"தம்பி, மேல் அம்புக்குறியை அழுத்தினா சில நேரம் சதுர அடைப்புக்குறியும் இங்கிலீஷ் ஏ எழுத்தும் வருது. அடிச்சு வச்ச லைனும் அழிஞ்சு போயிடுது."

பினாங்கு பாயான் லெபாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், இரவு ஷிப்ட் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் போனில் சொன்னது இது. அவர் சொன்னது நாங்களே எழுதிப் பராமரித்துவந்த கமாண்ட் லைன் டிபக்கரை, அதாவது கட்டளைகளை அடித்து நிரலில் பிழை தேடும் கருவியைப் பற்றி. போர்டில் ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, மெமரியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, ஒரு மதிப்பை மாற்றி மறுபடி ஓடவிட அதைத்தான் சோதனைக் கூடத்தில் பயன்படுத்துவார்கள்.

என் மேசையில் இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முந்தைய கட்டளை ஒழுங்காக வந்தது. 'இங்கே வரவில்லை' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டேன். அப்படி மூடியது தவறு. இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டபோது, சரி என்று ஒரு ராத்திரி நேரிலேயே போனேன்.

மேலங்கி போட்டு, மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. பக்கம் பக்கமாக மெமரி முகவரிகளும் கட்டளைகளும் நீல மையில். "லைன் அழிஞ்சிட்டா மறுபடி அடிக்கணுமே, அதான் எழுதி வச்சுக்கிறேன்" என்றார். டிபக்கரை நம்ப முடியாமல் ஒரு மனிதர் கையால் நகல் எடுத்து வைத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்த வேலையை என்னால் தள்ளிப்போட முடியவில்லை.

அம்புக்குறி ஒரே விசைதான். ஆனால் டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கும் சாளரம், அதற்கு மூன்று பைட் (சிறு எண்கள்) அனுப்புகிறது: 27, 91, 65. முதலாவது எஸ்கேப், அடுத்தது சதுர அடைப்புக்குறி, கடைசியில் ஏ. 1978-இல் வந்த விடி100 டெர்மினலின் வழக்கம் அது. இன்றைய டெர்மினல் மென்பொருள்களும் அதையே பின்பற்றுகின்றன. சிக்கல் என்னவென்றால், எஸ்கேப் விசையைத் தனியாக அழுத்தினாலும் வருவது அதே 27 தான். எங்கள் டிபக்கரில் எஸ்கேப் என்றால் 'இந்த லைனை அழி'. 27 வந்ததும் நிரல் இன்னும் இரண்டு பைட் கையில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அம்புக்குறி. இல்லையென்றால் எஸ்கேப் என்று முடிவு கட்டி லைனை அழித்துவிடும். அதன்பின் மெதுவாக வந்து சேரும் பைட்டுகள் சாதாரண எழுத்தாக லைனில் போய் உட்காரும். அண்ணன் கண்டது இதைத்தான்.

என் மேசையில் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. சோதனைக் கூடத்தில் டிபக்கர் ஓடும் கணினிக்கும் அவருடைய லேப்டாப்புக்கும் நடுவே இருந்தது விநாடிக்கு 9600 பிட் கடத்தும் சீரியல் கேபிள். அந்த வேகத்தில் ஒரு பைட் கடக்க ஒரு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கணினிப் பக்கம் இருந்த யுஎஸ்பி மாற்றி வருவதைச் சேர்த்து வைத்து 16 மில்லி விநாடிக்கு ஒரு தடவை ஒப்படைக்கும். பெரும்பாலும் மூன்றும் ஒரே கட்டாக வரும். ஒப்படைக்கும் நேரம் மூன்றுக்கும் நடுவில் விழுந்தால் கட்டு பிரிந்துவிடும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய எட்டுக்கு ஒரு தடவை. பைட் வரும் நேரத்தைக் காட்டும் சின்ன நிரல் ஒன்றை அங்கேயே எழுதி ஓடவிட்டு, அவரை அழுத்தச் சொன்னேன். ஆறாவது தடவை 27 தனியாக நின்றது. "இதோ, இதுதான்!" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

திருத்தம் சிறியது. 27 வந்தால் முடிவெடுக்காமல் 50 மில்லி விநாடி காத்திருப்பது. அதற்குள் அடுத்த பைட் வந்தால் தொடர்ந்து சேர்ப்பது. இதே வேலைக்குப் பல நிரல்கள் பயன்படுத்தும் நூலகங்களில் ரீட்லைன் இயல்பாக 500 மில்லி விநாடி காத்திருக்கிறது, என்கர்சஸ் 1000. எஸ்கேப்பையே எடுத்துவிட்டால் எளிது என்று சொல்லிப் பார்த்தேன்; லைனை அழிக்கக் கன்ட்ரோல் சி இருக்கிறதே. "பதினஞ்சு வருசமா கை அங்கதான் போகுது தம்பி" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அதை அப்படியே விட்டேன். எங்கள் பழைய சோதனைகள் மூன்று பைட்டையும் ஒன்றாக எழுதிவிடும், அதனால்தான் எதையும் பிடிக்கவில்லை. இப்போது மென்பொருளிலேயே போலி டெர்மினல் ஒன்றைத் திறந்து, பைட்டுக்குப் பைட் 20 மில்லி விநாடி இடைவெளி விட்டு அனுப்புகிறோம்.

அதே வாரத்தில் இன்னொன்றையும் சரி செய்தேன். டிபக்கர் பாதியில் செத்தால் டெர்மினல் எதிரொலி இல்லாமல் அப்படியே நின்றுவிடும். அடிப்பது திரையில் தெரியாது. தொடங்கும்போது இருந்த அமைப்பைச் சேமித்து, வெளியே போகும் எல்லா வழியிலும் திருப்பி வைத்தேன். நிரலை உடனே கொல்லும் கில் 9 சிக்னலை மட்டும் எந்த நிரலும் பிடிக்க முடியாது. அதனால் டிபக்கரைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலே பின்னால் துப்புரவு செய்யும்படி மாற்றினேன்.

அதிக நாள் இழுத்தது தமிழ்தான். அண்ணன் பிரேக்பாயின்டுகளுக்கு, அதாவது நிரலை நிறுத்தக் குறித்து வைத்த இடங்களுக்கு, தமிழில் குறிப்பு எழுதுவார். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் 'கு' ஆறு பைட்: ககரம் மூன்று, உகரக் குறி மூன்று. எங்கள் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டை மட்டும் அழித்து, மீதி ஐந்தை உடைந்த நிலையில் லாக்கில் (பதிவுக் கோப்பில்) விட்டது. அந்த லாக்கைப் பிறகு சில கருவிகள் ஒழுங்காகப் படிக்காது. அப்புறம் கர்சர் இடம். எழுத்துகளுக்கு எண் வழங்கும் தரமான யூனிகோட் ஈகாரக் குறியை இடம் பிடிக்காத குறியாகவும் உகரக் குறியை இடம் பிடிக்கும் குறியாகவும் வகைப்படுத்துகிறது. அந்த வகையை வைத்து அகலம் கணக்கிடும் டெர்மினலில் 'கீ' ஒரு கட்டம், 'கு' இரண்டு கட்டம். நாம் வேறு கணக்குப் போட்டால் கர்சர் எழுத்தின் மேலேயே நிற்கும்.

பேக்ஸ்பேஸ் முழு எழுத்தையும் அழிக்கவேண்டுமா, குறியை மட்டுமா? அண்ணனிடமே கேட்டேன். 'கு' அடிக்கப்போய் 'கி' விழுந்தால் குறியை மட்டும் மாற்றினால் போதும் என்றார். பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் எடுக்கிறது. அம்புக்குறி முழு எழுத்தைத் தாண்டுகிறது. ஒரு வழக்கமாக இது எனக்கும் பிடித்திருக்கிறது.

புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் காலையில் லாக்கைத் திறந்தேன். முதல் வரியிலேயே ஒரு குறிப்பு, ஒரு பைட் கூட உடையாமல்: "சூடு கூடும்போது நிற்கிறது. கேபிளை மாற்றிப் பார்க்கவும்."