பறப்பது ஒன்றரை மணி நேரம், எழுதுவது மிச்ச நேரம்

அமெரிக்க விமானப்படையை விட்டு வெளியேறும் விமானிகளிடம் காரணம் கேட்டால், ஏர்லைன்ஸ் சம்பளம், குடும்பத்தைப் பிரிந்து கிடப்பது என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று தவறாமல் வரும்: க்வீப். பறப்பதற்குச் சம்பந்தமில்லாத எழுத்துவேலை மொத்தத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வேலைக்குச் சோம்பல்படுகிறவர்களின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள், அதே ஆட்கள் எந்தக் காகிதத்தைத் திட்டுவதில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

விமானத்தில் ஏறும் முன், அதன் பராமரிப்புப் பதிவான 781 படிவக் கட்டைப் புரட்டி, முந்தைய விமானி எழுதிவைத்த பழுது சரிசெய்யப்பட்டுக் கையெழுத்தாகியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்ப்பார்கள். எஃப்சிஐஎஃப் என்னும் அறிவிப்புக் கோப்பில் புதிதாக எது வந்தாலும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவருக்கு அன்று விமானம் கிடையாது. தகுதித் தேர்வில் செய்த தவறு, அந்தத் தேர்வின் பதிவான ஃபார்ம் 8-ல் ஏறினால் வேலைக்காலம் முழுக்கக் கூடவே வரும். இவற்றைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை. உயிரோடு திரும்புவதற்கான காகிதம் எது, மேலே இருப்பவரின் ஸ்லைடில் ஒரு கட்டம் பச்சையாவதற்கான காகிதம் எது என்று லெப்டினன்ட்டுக்கே தெரியும்.

நெருக்கடி எங்கே வருகிறது என்று புரிய, எஃப்-16 போர் விமானம் ஓட்டுகிறவரின் ஒரு நாளைப் பார்த்தால் போதும். வானத்தில் இருப்பது சுமார் ஒன்றரை மணி நேரம். திட்டமிடல் முந்தின நாளே தொடங்கிவிடும். பிரீஃபிங், உடை மாட்டிக்கொண்டு விமானத்துக்குப் போவது, எஞ்சினைக் கிளப்பிச் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்து புறப்பாட்டுக்கு முன் இரண்டு மூன்று மணி நேரத்தைத் தின்னும். இறங்கிய பிறகு டீப்ரீஃப். பதிவான திரைக்காட்சிகளை ஓட்டி, எந்த நொடியில் யார் எந்த ரேடார் புள்ளியைத் தவறவிட்டார், ஏன் தவறவிட்டார் என்று தோண்டும் இந்த உட்காரல் பறந்த நேரத்தைவிட நீளும். விமானி உருவாவது உண்மையில் இங்கேதான்.

இதற்கு மேல் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. ஒற்றை விமானி ஓட்டும் போர் விமானத்துக்குப் பறப்புப் பணி நேரம் அதிகபட்சம் 12 மணி நேரம். அது எஞ்சின் கிளப்பும்போது தொடங்குவதில்லை. எந்த அலுவல் வேலைக்காக முதலில் வந்தாலும் அங்கிருந்தே தொடங்கி, எஞ்சினை அணைக்கும்போது முடிகிறது. இரவு 9 மணிக்கு எஞ்சின் அணையும் இரவுப் பயிற்சி என்றால் காலை 9-க்கு முன் அவர் அலுவலகத்தில் கால் வைக்கக் கூடாது. பல விமானப் பிரிவுகளைச் சேர்த்து நடத்தும் விங் தலைமையகத்தின் கூட்டமோ காலை ஏழரைக்கு. அதில் போய் உட்கார்ந்தால் கணக்கு இரவு ஏழரைக்கே தீர்ந்துவிடும், அன்றைய பறப்பு போயிற்று. பறப்புக்கு முந்தின 12 மணி நேர ஓய்விலும் இதே கதைதான். அதில் தடையில்லாமல் எட்டு மணி நேரம் தூங்க வழி இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசும் அலுவல் விஷயமும் ஓய்வைக் குலைப்பதாகவே விதி சொல்கிறது. "ஒரே ஒரு கையெழுத்துதான், மின்னஞ்சலைப் பார்த்துவிடுங்கள்" என்று நிர்வாகப் பிரிவிலிருந்து கூப்பிடுகிறவருக்கு, அந்தக் கூப்பாட்டால் நாளைய அட்டவணையில் ஒரு இடம் காலியாகலாம் என்பது தெரிய நியாயமில்லை.

ஒரு காலத்தில் இந்த வேலைகளைச் செய்ய, விமானிகளின் அடிப்படைப் பிரிவான ஸ்குவாட்ரனிலேயே எழுத்தர்கள் இருந்தார்கள். 2005 டிசம்பரில் வந்த 720-ஆம் எண் பட்ஜெட் முடிவு விமானப்படையில் சுமார் 40,000 பணியிடங்களை வெட்டச் சொன்னது. புது விமானங்கள் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. முதலில் மெலிந்தவற்றில் ஸ்குவாட்ரன் அலுவலகமும் ஒன்று. ஆள் போனார், வேலை போகவில்லை. 'இனி எல்லாம் கணினியில் நீங்களே செய்துகொள்ளலாம்' என்று வசதிபோலச் சொல்லி விமானியின் மேஜைக்கு அது வந்து சேர்ந்தது. எழுத்தரின் சம்பளம் பட்ஜெட்டில் ஒரு வரி, வெட்டினால் மிச்சம் தெரியும். விமானியின் மணி நேரத்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

பயணச் செலவைத் திரும்பப் பெற எழுதும் வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஎஸ் என்னும் மென்பொருள், ஒரு ஊருக்குக் கருத்தரங்குக்குப் போய்த் திரும்புகிறவருக்குச் சரியாகவே வேலை செய்யும். சி-17 சரக்கு விமானம் ஓட்டுகிறவரின் பாதை நடுவழியில் இரண்டு தரம் மாறும். மாறியதும் முன்அனுமதியில் உள்ள ஊரும் தங்கிய ஊரும் பொருந்தாது. ஒவ்வொரு இரவையும் பிரித்துத் திருத்த வேண்டும். உள்நாட்டு விடுதியின் வரியைத் தனி வரியாகப் போட வேண்டும், வெளிநாட்டில் அது அறை வாடகைக்குள்ளேயே அடக்கம். மாற்றிப் போட்டால் வவுச்சர் திரும்பி வரும். விடுதி ரசீது எவ்வளவு தொகையானாலும் வேண்டும், மற்றச் செலவுகளுக்கு 75 டாலரும் அதற்கு மேலும் போனால் வேண்டும். திரும்பிய ஐந்து வேலை நாளுக்குள் இதைக் கொடுத்தாக வேண்டும், அதற்குள் அவர் அடுத்த பயணத்தில் இருப்பார். அரசாங்கப் பயண அட்டையின் கடன் விமானியின் பெயரில்தான். பில் வந்து 61 நாள் ஆகியும் கட்டாவிட்டால் அவர் பெயர் பாக்கிக்காரர் பட்டியலில் ஏறி, கமாண்டரின் மேஜைக்குப் போகும். அந்தப் பட்டியலைக் கவனித்துக்கொள்வதும் இன்னொரு விமானியின் கூடுதல் பொறுப்பாக இருக்கும்!

அதிகாரிகளின் பணி மதிப்பீட்டு அறிக்கை இதைவிட மோசம். பல ஆண்டுகள் அதை ஒற்றை வரிகளாகத்தான் எழுத வேண்டியிருந்தது. செய்த வேலை, அதன் விளைவு, அதனால் படைக்கு என்ன பயன் என்ற மூன்றும் ஒரே வரியில் அடங்க வேண்டும். வலது ஓரத்தில் வெள்ளை இடம் மிஞ்சினால் அசிரத்தை என்று பொருள்கொண்டார்கள். அதற்காகச் சொற்களுக்கிடையே வெவ்வேறு அகலமுள்ள இடைவெளிக் குறிகளைச் செருகி வரியை இழுக்கும் கணினிக் கருவிகளையே ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். தன்னைப் பற்றிய வரைவைக் கேப்டன் தானே எழுதுவார். அவருக்கு நேர் மேலே இருக்கும் ஃப்ளைட் கமாண்டர் 'லெட்' (தலைமை தாங்கினார்) என்பதை அடித்து 'டைரக்டட்' (நெறிப்படுத்தினார்) ஆக்குவார், மேலே இருப்பவர் அதைத் திரும்ப 'லெட்' ஆக்குவார். விங் தலைமையகத்தில் இதையெல்லாம் சரிபார்த்து அனுப்ப எக்ஸெக் என்று ஒரு பதவி. அதில் உட்கார்பவரும் பறக்கப் பயிற்சி பெற்ற ஒரு கேப்டன்தான், அதுவும் பெரும்பாலும் திறமையான கேப்டன். பதவி உயர்வுக்கு அந்த நாற்காலி உதவும், ஆகவே வேண்டாம் என்பவர் குறைவு.

கூடுதல் வேலை எல்லாமே கசக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஸ்குவாட்ரன் பாரில் சிற்றுண்டி தீராமல் பார்த்துக்கொள்ளும் இளைய லெப்டினன்ட் ஹாலபீன்யோ மிளகாய் போட்டுப் பொரிக்கும் பாப்கார்னை க்வீப் என்று யாரும் சொன்னதில்லை.

மேலிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகவும் சொல்ல முடியாது. 2016 ஆகஸ்டில் விமானப்படைச் செயலர் டெபோரா லீ ஜேம்ஸும் தலைமைத் தளபதி கோல்ட்ஃபைனும் 61 கூடுதல் பொறுப்புகளை ஆராய்ந்து, 29-ஐ நீக்கவோ குறைக்கவோ வேறு கைக்கு மாற்றவோ முடிவெடுத்தார்கள். வேறு கை என்றால் பெரும்பாலும் ஸ்குவாட்ரன் அலுவலகம், ஏற்கெனவே மெலிந்துபோன அதே அலுவலகம். 2017-ல் செயலர் ஹெதர் வில்சன் விதிப்புத்தகங்களில் கை வைத்தார். அப்போது விங் மட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட விதிகளைக் கடைப்பிடித்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. தலைமையகம் ஒரு புத்தகத்தை ரத்து செய்வது சுலபம். அதன்மேல் கீழ்மட்டங்கள் ஆளுக்கொன்றாக எழுதிச் சேர்த்த துணைவிதிகளை அந்தந்த மட்டமே தேடிப் பிடித்து ரத்து செய்ய வேண்டும், அதற்கு ஒரு விரிதாள், அதற்கு ஒரு பொறுப்பாளர். ஒற்றை வரி அறிக்கையைக் கைவிட்டு உரைநடைக்கு மாறும் முடிவு 2022-ல் வந்தது. வெள்ளை இடத் தொல்லை ஒழிந்தது, மேலும் கீழும் அலையும் திருத்தங்கள் ஒழிய வேண்டிய கட்டாயமில்லை.

பணியில் நீடிக்கும் விமானிகளுக்கான ஊக்கத்தொகை உச்சவரம்பு ஆண்டுக்கு 35,000 டாலராக ஏறிய 2017-லும் சுமார் 2,000 விமானிகள் பற்றாக்குறை இருந்தது. சில போர் விமான ஸ்குவாட்ரன்களுக்கு ஒப்பந்த உதவியாளர்கள் வந்தார்கள், அது உண்மையிலேயே பலன் தரக்கூடியது. அவர்கள் வவுச்சரைத் தயாரித்துக் கொடுக்கலாம், ஒப்புதல் தர முடியாது. அட்டவணையைக் கணினியில் ஏற்றலாம், அறிக்கையில் கையெழுத்திட முடியாது.

ஒரு விமானத்துக்கு ஒன்றேகால் விமானி என்பது எஃப்-16 ஸ்குவாட்ரன்களில் பழகிப்போன விகிதம். 24 விமானங்களுக்கு 30 பேர். பணிச்சுமை கூடியும் இந்த விகிதம் உயர்த்தப்படவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2018-ல் சுட்டிக்காட்டியது. பணத்தை விமானங்களைப் புதுப்பிப்பதற்கே முதலில் ஒதுக்குவதாக அதிகாரிகள் அதனிடம் சொன்னார்கள். எத்தனை விமானம், எத்தனை பறப்பு என்பதையெல்லாம் எண்ணும் அந்த விகிதத்தில் எத்தனை வவுச்சர், எத்தனை அறிக்கை என்பதற்கு இடமில்லை. அந்த மணி நேரங்கள் டீப்ரீஃப் அறையிலிருந்தும், எதிரி ஏவுகணைகளைப் பற்றிப் படிக்க வைத்திருந்த மாலைகளிலிருந்தும்தான் எடுக்கப்படுகின்றன.