நெரோ

மார்ச் 3

ஓஹி நெரோ. தண்ணீர் கிடையாது. இன்றைக்கும் அதேதான்.

மார்ச் 4

வயிற்றில் ஆபரேஷன். குடல் அசைந்த பிறகுதான் தண்ணீராம். நர்ஸம்மா நனைத்த துணியால் உதட்டை ஒற்றினார். உறிஞ்சப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். கிரீஸின் இந்தப் பிரேயஸ் துறைமுகத்துக்கு மூன்று வருஷமாக வந்து போகிறேன், காலை வணக்கத்துக்கு 'கலிமேரா'கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போது தூக்கத்திலும் 'நெரோ' வருகிறது.

கப்பல் போய்விட்டது.

மார்ச் 5

பக்கத்துக் கட்டில் தாத்தா பழைய கிரேக்கம் நடத்திய வாத்தியார். எங்கள் ஊரில் 'நீர்' என்றேன். கைதட்டினார். இரண்டும் ஒன்றா என்றதும் தலையைப் பின்னால் சாய்த்து 'ட்ச்'. இங்கே அதுதான் 'இல்லை'.

தண்ணீருக்குப் பழைய சொல் 'இதோர்'. ஹைட்ரஜனின் முன்பாதி 'ஹைட்ர' இதிலிருந்துதான். புதிதாகப் பிடித்த தண்ணீர் 'நெஅரோன் இதோர்'. நெஅரோன் தேய்ந்து நிரோன், பிறகு நெரோ. இதோர் உதிர்ந்துவிட்டது. 'நிரோன் இதோர் என்று சொல்லவே கூடாது' என்று 2ஆம் நூற்றாண்டிலேயே பிரினிகஸ் என்கிற இலக்கணக்காரர் எழுதிவைத்தாராம். யார் கேட்டார்கள்? 'நெஅரோஸ்' இன்னும் இருக்கிறது, இளைஞன் என்ற அர்த்தத்தில். இளந்தாரித் தண்ணீர்!

எல்லாம் தண்ணீர்ப் பேச்சு. ஒரு சொட்டு கிடையாது.

மார்ச் 6

மனைவி வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறாள். மாமாவிடமிருந்து வாட்ஸப்: 'நெரோ நம்ம நீர்தான் மாப்ளே, தமிழ்தான் எல்லாத்துக்கும் தாய்.' தையல் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 7

ராத்திரி காய்ச்சல். தூங்கவில்லை. தண்ணீர் என்றால் தண்மையான நீர். நாமோ 'சுடுதண்ணி' என்கிறோம். குளிர்ந்த நீரே சுடுகிறது, யாருக்கும் உறுத்தவில்லை. அவர்களுக்கும் மூன்று நாள் கிடந்த தண்ணீர் 'புதுசு'தானே. மாமா இதைப் பிடித்திருக்கலாம். சொல் ஒன்றல்ல, சொல்லுக்கு நடந்தது ஒன்று.

விடிந்ததும் தாத்தாவிடம் சொன்னேன். 'தண், தண்' என்று சொல்லிப் பார்த்தார். சிரிக்கப் போய் இருமல், இருமப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா என்னை முறைத்தார்.

குளியலுக்கு அம்மா அண்டாவில் போட்டுக்கொடுத்த சுடுதண்ணி. புகை வாடையோடு. அதையே குடிப்பேன் இப்போது.

மார்ச் 8

சூயஸில் எனக்குப் பதிலாக வேறு ஆள் ஏறிவிட்டானாம். ஏஜென்ட் போன் எடுக்கவில்லை.

மார்ச் 9

இரண்டு ஸ்பூன். வெதுவெதுப்பு, பிளாஸ்டிக் வாடை. நாக்கிலேயே வைத்திருந்தேன், விழுங்க மனசில்லை.

'நெஅரோ?' என்றார் தாத்தா.

தலையைப் பின்னால் சாய்த்து 'ட்ச்' என்றேன்.

மார்ச் 10

பதினொரு மணிக்கு ஏஜென்ட் வருகிறானாம், பாஸ்போர்ட்டோடு.