தங்கத் துகளும் அகச்சிவப்பு ஒளியும்

தங்கத் துகள்களைக் கொண்டு புற்றுநோய்க் கட்டியைச் சுடுகிறார்கள் என்ற செய்தி கைப்பேசிக்கு வந்ததும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பெரியம்மாவுக்குத் தங்க பஸ்பம் கொடுக்கலாமா என்று கேட்டார். செய்தி உண்மைதான், அதிலிருந்து பஸ்பத்துக்குத் தாவுவது ஆபத்து என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இச்சிகிச்சையில் தங்கத்தின் வேலை ஒளியை வாங்கி வெப்பமாக்குவது. ஒளி பட்டதும் துகளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒருசேர அலைவுறுகின்றன. எந்த நிற ஒளிக்கு அந்த அலைவு வலுக்கும் என்பதைத் துகளின் அளவும் வடிவமும் தீர்மானிக்கின்றன. சிறிய உருண்டைத் துகள் ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை உறிஞ்சுவதால் அதன் கரைசல் சிவந்து தெரியும். 1857இல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தது இத்தகைய கரைசலையே. பச்சை ஒளியை இரத்தம் தடுத்துவிடும். ஆகவே துகளைக் குச்சி வடிவில் வளர்க்கிறார்கள், அல்லது சிலிக்கா உருண்டையின்மேல் மெல்லிய தங்க ஓடு படியச் செய்கிறார்கள். அப்போது அது, இரத்தமும் நீரும் குறைவாகவே உறிஞ்சுகிற, 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை ஏற்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகியோரின் குழு 2003இல் எலிகளின் கட்டிகளில் இதைச் செய்து காட்டியது.

வாய்வழி உண்ணும் பஸ்பத்துக்கு இந்த வடிவமும் இல்லை, அதன்மேல் லேசர் ஒளி படப்போவதும் இல்லை. எனவே அது கட்டியைச் சுடாது. நடக்கின்ற சிகிச்சையை அதற்காக நிறுத்தவே கூடாது என்று அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன். வெள்ளி ஆகாதா என்று அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். வெள்ளித் துகளிலும் எலக்ட்ரான் அலைவு வலுவாகவே இருக்கும். ஆனால் வெள்ளி உடலுக்குள் அயனிகளாகக் கரைந்து நல்ல செல்களையும் தாக்கக்கூடும், தங்கமோ எளிதில் வினைபுரியாது.

சூடாக்குவதைவிடத் துகளைக் கட்டியிடம் சேர்ப்பதே கடினம் என்பது என் கருத்து. இரத்தத்தில் செலுத்திய நானோதுகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பல விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, கட்டியை அடைவது நடுமதிப்பாக 0.7 விழுக்காடே என்றது. ஒளியும் ஆழமாகச் செல்வதில்லை. புராஸ்டேட் புற்றுநோயுள்ள 16 ஆண்களைச் சேர்த்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், முதல் நாள் நரம்புவழி துகள்களை ஏற்றி, மறுநாள் லேசர் ஒளியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழையைக் கட்டிக்கு உள்ளேயே செருகினார்கள்; ஓராண்டுக்குப் பின் பெரும்பாலோருக்குச் சுட்ட இடத்தில் புற்றுநோய் தென்படவில்லை. உடலெங்கும் பரவிவிட்ட நோய்க்கு இவ்வழி பொருந்தாது. இடம் தெரிந்த, இழை எட்டுகிற கட்டிக்கே பொருந்தும்.