பாம்புக்கு பத்து நாளைக்கு ஒருமுறை, எலிக்கு தினமும்: தீனிச் சுண்டெலி வளர்ப்பதா, வாங்குவதா?

கார்ன் ஸ்னேக் என்ற வளர்ப்புப் பாம்பு, வளர்ந்தது ஒன்றுக்கு 10 முதல் 14 நாளைக்கு ஒரு சுண்டெலி போதும். வருஷத்துக்கு 26 முதல் 36 எலி. அந்த முப்பது சொச்சம் எலிக்காக வீட்டில் ஒரு எலிக் குடும்பத்தைக் குடிவைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் பதில். உறைந்த இரையை, அதாவது கொன்று உறைய வைத்த சுண்டெலியை, மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளுங்கள். பாம்பு எப்போதாவது சாப்பிடும் பிராணி. எலி எப்போதும் சாப்பிடும் பிராணி. பாம்பு சட்டை உரிக்கும்போது பட்டினி கிடக்கும், இனப்பெருக்கக் காலத்தில் மாசக்கணக்கில் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எலி அதற்காகக் குட்டி போடுவதை நிறுத்தி வைக்காது.

ஒன்றிரண்டு பாம்பு வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்தாறுக்கு மேல் இருந்தாலோ, பாம்பு முட்டைகளைப் பொரிக்க வைப்பவர் என்றாலோ, உறைந்த இரை சீராகக் கிடைக்காத நிலை இருந்தாலோ, மேற்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

பெட்டைச் சுண்டெலிக்குச் சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஈத்துக்கு 6 முதல் 12 குட்டி. குட்டி போட்ட ஒரு நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் கூடவே இருந்தால் ஒரு ஈத்து பால் குடிக்கும்போதே அடுத்தது வயிற்றில் இருக்கும். ஏட்டுக் கணக்கில் மூன்று வாரத்துக்கு ஓர் ஈத்து. நடைமுறையில் நாலரை வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பால் கொடுக்கும் பெட்டைக்குக் கரு பதிவது சில நாள் தள்ளிப்போகும். ஓர் ஆண், மூன்று பெட்டை, ஈத்துக்கு 8 குட்டி என்றால் மாசத்துக்கு 23, 24 குட்டி. இழப்பு, மூப்பு எல்லாம் கழித்தாலும் வருஷத்துக்கு 200 தாண்டும். ஆறு வளர்ந்த பாம்புக்கு ஒரே தொட்டி போதும் போலத் தெரிகிறதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

குட்டி பெரிய எலியாக வேண்டுமே. பிறக்கும்போது ஒன்றரை கிராம் சொச்சம் இருக்கும் பிங்கி (ரோமம் முளைக்காத, அப்போது பிறந்த குட்டி), 20, 25 கிராம் எடைக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மாசத்துக்கு 24 பிறந்தால், எந்த நேரத்திலும் நாற்பதுக்கும் மேல் வளர்ந்துகொண்டிருக்கும். அவற்றை ஆண், பெட்டை பிரித்து வைக்க இன்னும் மூன்று, நாலு தொட்டி வேண்டும். ஆக, இனப்பெருக்கத் தொட்டி ஒன்று என்றால் வளர்ப்புத் தொட்டி அதைப் போல மூன்று மடங்கு. வேலையும் நாற்றமும் இந்த இரண்டாவது கூட்டத்திலிருந்துதான் வரும்.

தீனிக் கணக்கும் இதையே சொல்கிறது. வளர்ந்த சுண்டெலி ஒரு நாளைக்கு 4, 5 கிராம் தின்னும். பால் கொடுக்கும் தாய் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. பால்குடி மறந்த 21ஆம் நாளிலிருந்து எட்டாவது வாரம் வரை ஒரு குட்டி தின்பது சுமார் 140 கிராம். தாய், தகப்பன் பங்கையும் சேர்த்தால் ஒரு பெரிய எலி 170 முதல் 200 கிராம் தீனிக்குச் சமம். அதையே பிங்கியாக எடுத்தால் தாய் தகப்பன் தின்ற பங்கு மட்டும்தான், 30 கிராம் போல. உங்களுக்குக் கிடைக்கும் தீனியின் விலையை இந்த எண்களால் பெருக்கி, உறைந்த எலியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படுக்கைப் பொருள், மின்சாரம், தினம் பத்து நிமிஷம், வாரம் ஒரு மணி நேரம் ஆகியவற்றையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் ஆரம்பித்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் உழைப்பைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

பணத்தைத் தாண்டி ஒரு நல்ல காரணம் உண்டு. முட்டையிலிருந்து வந்த புதுக் குஞ்சுப் பாம்புகளில் சில, உறைந்த பிங்கியைத் தொடவே தொடாது. அப்போது அன்று பிறந்த பிங்கி கையிலிருந்தால் பிரச்சினை முடிந்தது. அதற்கு ஓர் ஆண், இரண்டு பெட்டை உள்ள ஒரே தொட்டி போதும். மிச்சத்தைப் பிங்கியாகவே உறைய வைத்துவிடலாம், வளர்ப்புத் தொட்டியே தேவைப்படாது. தயங்குபவர்களுக்கு இந்தச் சின்ன ஏற்பாட்டைத்தான் சிபாரிசு செய்வோம்.

கணக்கெல்லாம் ஒத்து வந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எலியைக் கொல்வது யார், எப்படி? இதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் தொட்டி வாங்கவே வேண்டாம். உயிரோடு பாம்பின் முன் போட்டுவிடலாம் என்பது விடை ஆகாது. பசியில்லாத பாம்போடு ஒரு ராத்திரி விடப்பட்ட எலி, பாம்பின் முதுகைக் கொறித்து எலும்பு வரை போகும். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது வதை.

பெரிய எலிகளுக்கு ஒழுங்கான வழி, சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரும் ஃப்ளோ மீட்டரும் வைத்துக் கரியமில வாயுவை மெதுவாகப் பெட்டிக்குள் விடுவது. நிமிஷத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம். அதாவது 10 லிட்டர் பெட்டிக்கு 3 முதல் 7 லிட்டர். வாயுவை முன்கூட்டியே நிரப்பிவைத்த பெட்டிக்குள் எலியைப் போடக் கூடாது. மூக்கின் ஈரத்தில் அந்த வாயு அமிலமாக மாறி எரியும், மயங்குவதற்கு முன் அந்த வலியை அது அனுபவிக்கும். மூச்சு நின்ற பிறகும் குறைந்தது ஒரு நிமிஷம் வாயு ஓட வேண்டும், பிறகு இதயத் துடிப்பு இல்லை என்று கையால் உறுதி செய்த பிறகுதான் பையில் போட வேண்டும். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து செய்யும் வீட்டு வைத்தியத்தில் வேகம் நம் கையில் இல்லை, அதனால் தவிர்த்துவிடுங்கள். இதையெல்லாம் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்த வாயு உங்களுக்கும் ஆகாது.

பிங்கி விஷயம் வேறு. பத்து நாளுக்கு உட்பட்ட குட்டிகள் பிராணவாயு இல்லாமலேயே நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஐந்து நிமிஷத்தில் அசையாமல் கிடப்பது செத்ததற்கு அடையாளம் இல்லை. அன்று பிறந்த குட்டி வாயுவில் சாக 50 நிமிஷம் வரைகூட ஆகலாம். வெளியே எடுத்து வைத்த பிங்கி மறுபடி நெளிவது இதனால்தான். கழுத்தெலும்பை விலக்கும் முறை விரைவானது, ஆனால் படம் பார்த்துக் கற்கும் வேலை அல்ல. கால்நடை மருத்துவரிடமோ ஆய்வக விலங்குகளோடு பழகியவரிடமோ நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் சரி என்றால், தொட்டிக்கு வருவோம். ஓர் ஆண், மூன்று பெட்டைக்கு 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 15 உயரம் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டி பொருந்தும். மூடியில் பெரிய ஜன்னல் வெட்டி 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டட் கம்பிவலையை போல்ட், வாஷர் போட்டு இறுக்குங்கள். சூட்டுப் பசையால் ஒட்டினால் ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலை வழியாகப் பால்குடி மறந்த குட்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். எலி சமதளத்தைக் கடிக்காது, விளிம்பைத்தான் கடிக்கும். அதனால் தொட்டியின் உட்புறம் துளையோ மேடோ இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போட்ட துளை இருந்தால் அதைச் சுற்றி உலோகத் தகடு போடுங்கள்.

படுக்கைக்கு ஆஸ்பென் மரச் சீவல் அல்லது காகிதத் துகள், 3, 4 சென்டிமீட்டர் கனத்தில். தேவதாரு வேண்டாம், பச்சைப் பைன் சீவலும் வேண்டாம். அவற்றின் வாசனையே மூச்சுக்கும் ஈரலுக்கும் கேடு. என்ன மரம் என்று தெரியாத இழைப்புத் தூளும் அதே கணக்கு. கூடு கட்ட வெள்ளை டிஷ்யூ காகிதம் இரண்டு போட்டால் ராத்திரிக்குள் கிழித்துக் கிண்ணம்போல் கட்டிவிடும். வாரம் ஒருமுறை மாற்றும்போது பழைய கூட்டில் ஒரு பிடியை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டால், தன் வாசனை போய்விட்டதே என்று ஆண் முன்பைவிட அதிகமாக மூத்திரம் தெளிக்கும். நாற்றம் கூடும், குறையாது.

நாற்றத்தை யாராவது குறைத்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஆண் சுண்டெலியின் மூத்திர வாடை கடுப்பானது. துடைத்தால் போகும் ஜாதி அல்ல. படுக்கையறையில் வைக்க முடியாது. மூடியைத் திறக்கும்போது கண் கரித்தால் உள்ளே அமோனியா ஏற்கெனவே அதிகம், எலியின் நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எலி மூத்திரத்திலுள்ள புரதம் மனிதர்களுக்குப் பெயர்பெற்ற ஒவ்வாமைக் காரணி, ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த யோசனையையே கைவிடலாம். சுண்டெலிகள் எல்சிஎம்வி என்ற வைரஸையும் சுமக்கக்கூடும், அது கர்ப்பிணிகளின் சிசுவைப் பாதிக்கும். அவர்கள் தொட்டி சுத்தம் செய்யக் கூடாது. காட்டெலி, வீட்டெலி பிடித்து வந்து கூட்டத்தில் சேர்க்கவும் கூடாது. நோய், உண்ணி எல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வரும்.

இடத்தின் வெப்பம் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டி நீடித்தால் முதலில் ஆணின் விந்து கெடும், ஈத்து சிறுக்கும், பிறகு எலியே சாகும். பாம்பு அறையின் சூட்டில் எலித் தொட்டியை அடுக்கிவைப்பவர்கள் குட்டி வரவில்லையே என்று புலம்புவது இதனால்தான். தவிர, எப்போதும் எலி வாசனை அடிக்கும் அறையில் பாம்பு உங்கள் கையையும் இரையென்று பாயும்.

தீனிக்கு 18 முதல் 22 சதவீதம் புரதம் உள்ள எலிக்கான கட்டித் தீனி. வெறும் சூரியகாந்தி விதையில் எலி கொழுக்கும், குட்டி குறையும். தண்ணீர் பாட்டிலை மாட்டியதும் அதன் குழாய் முனையிலுள்ள குண்டை விரல் நுனியால் தட்டிப் பாருங்கள்: ஒரு சொட்டு வந்து குண்டில் தொங்கி நிற்க வேண்டும். வராவிட்டால் அடைப்பு, நிற்காமல் சொட்டினால் கசிவு. கசிந்தால் படுக்கை நனைந்து விடிவதற்குள் குட்டிகள் குளிரில் விறைத்துக் கிடக்கும். அடைத்தால் தாய் குட்டியைத் தின்னத் தொடங்கும். தாய் குட்டியைத் தின்றது என்று கேள்விப்பட்டவுடன் முதலில் பாட்டிலைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த காரணம் புரதக் குறைவு, அதற்கடுத்து முதல் மூன்று நாளுக்குள் கூட்டைக் கிளறிப் பார்த்தது. முதல் ஈத்தைத் தின்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாவது ஈத்தையும் தின்றால் அந்தப் பெட்டையை மாற்றுங்கள்.

கூட்டைக் கலைக்காமல் ஓரக்கண்ணால் பார்க்க ஒரு விஷயம் உண்டு. பால் குடித்த பிங்கியின் வயிற்றில் இடப்பக்கம் தோலுக்கடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அது இருந்தால் எல்லாம் சரி. இல்லாத குட்டி அன்றைக்கோ மறுநாளோ போய்விடும். பிங்கி எடுக்கும்போது ஈத்தை முழுசாகக் காலி செய்யாமல் இரண்டு, மூன்றை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும்.

ஆண் பெட்டை பிரிக்க நல்ல நாள் ஒன்பது, பத்தாவது நாள். ரோமம் அடர்வதற்கு முன் அந்த ஒன்றிரண்டு நாளில் பெட்டைக் குட்டியின் வயிற்றில் காம்புகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆணுக்குத் தெரியாது. அந்த நாளை விட்டுவிட்டால் வாலடியில் இரண்டு துவாரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டும்: ஆணுக்கு அதிகம், பெட்டைக்குக் குறைவு. நாலு வாரத்துக்குள் பிரித்து முடியுங்கள். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் குட்டியே சினையாகும். பிரித்த ஆண்கள் பருவத்துக்கு வந்ததும் ஒன்றையொன்று முதுகிலும் வாலடியிலும் கடித்துக் குதறும். அதனால் ஆண்களை முதலில் இரையாக்குவதுதான் வழக்கம்.

ஆணை மாற்றும்போது ஒரு கணக்குப் பிசகு வரும். புது ஆணின் வாசனை பட்டால், அண்மையில் சினையான பெட்டையின் கரு தங்காமல் கலைந்துவிடும். சில வாரம் குட்டி இல்லையே என்று பதற வேண்டாம். பெட்டையை எட்டு வாரத்தில் சேர்த்து, ஐந்தாறு ஈத்து எடுத்து, ஈத்து நாலைந்து குட்டிக்குக் குறையும்போது மாற்றிவிடலாம்.

உறைய வைப்பது தனி ஃப்ரீசரில், -18 டிகிரியில், காற்றை நன்றாகப் பிழிந்து எடுத்த பையில், எடை வாரியாக. ஆறு மாசத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. உறைவதால் சால்மோனெல்லா சாகாது, எனவே சாப்பாட்டுப் பொருளோடு சேர்க்க வேண்டாம். கொடுக்கும் முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக்கி, பையோடு 40 டிகிரி வெந்நீரில் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். இளக்கியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. இரையின் எடை இளம் பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம். பாம்பு வளர்ந்த பிறகும் ஐந்து பிங்கி கொடுத்து ஒப்பேற்றாதீர்கள், பிங்கியின் எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை, சுண்ணாம்புச் சத்து குறைவு.

பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு வைத்திருப்பவர்கள் சுண்டெலிக்குப் பதில் ராட் (rat) எனப்படும் பெரிய எலி இனத்தை யோசிக்கலாம். பிறந்த குட்டியே 5, 6 கிராம் இருக்கும், நாற்றம் கொஞ்சம் குறைவு, கையில் பழகும். அந்தப் பழக்கம்தான் பிறகு கொல்லும்போது கையைக் கட்டிப்போடும்.

வேண்டாம் என்று முடிவு செய்கிற நாளும் வரலாம். அன்று ஆணைத் தனியாக எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் நாலு வாரம் வரை குட்டி வரும், கடைசி ஈத்து பால்குடி மறக்க இன்னும் மூன்று வாரம், பெரிய எலியாக எடுப்பதென்றால் அதற்கு மேலும் நாலைந்து வாரம். தீனி மூட்டையை அதற்கேற்ப வாங்குங்கள்.