கண்டியில் வீடெடுத்துத் தங்குவது: எந்த மேடு, எந்தத் தெரு?

கண்டிக்குப் போகிறோம் என்று சொன்னால் மட்டக்களப்பில் எல்லாரும் ஒரே யோசனைதான் தருவார்கள்: "வாவிக்கரையில ரூம் எடுங்க, எல்லாம் பக்கத்தில." ஓர் இரவு தங்கி, தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் நுவரெலியாவுக்கு ஏறுபவர்களுக்கு அது சரி. நாங்கள் போனது பள்ளி விடுமுறைக்கு. அம்மா, கணவர், மகள், நான். ஆறஅமர இருந்துவிட்டு வருவதுதான் எண்ணம். அதற்குச் சமையலறை வேண்டும், துணி காயப்போட இடம் வேண்டும், முழங்கால் வலிக்கார அம்மாவுக்கு ஏற்ற வாசல் வேண்டும். ஆகவே ஹோட்டலை விட்டுவிட்டு, ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில் ஒரு அனெக்ஸ், அதாவது வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, தேடினோம்.

தேடும்போது நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று. எங்களில் வயதில் மூத்தவர், யாரையும் எதிர்பார்க்காமல், தன் காலால் வெளியே போய் வரக்கூடிய வீடா? மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

கண்டியின் நில அமைப்பு தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், சுற்றிவர மலைகள் நிற்க, நடுவில் ஒரு சிறு பள்ளத்தில் இருக்கிறது. வெளியே மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. வாவியும் இயற்கையானதல்ல. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல் நிலத்தில் கட்டுவித்தது. ஆக, சமதரை என்று சொல்லத்தக்க இடம் மிகக் கொஞ்சம். மாளிகை, வாவி, மார்க்கெட், மணிக்கூட்டுக் கோபுரம், ரயில் நிலையம், குட்செட் பஸ் நிலையம், பெரிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. 1998 ஜனவரியில் மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அதன் முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்தப் போக்குவரத்தும் வாவியின் மறுகரைப் பக்கம் திரும்பிவிட்டது. காலையில் பள்ளிக்கூட வான்கள் ஓடத் தொடங்கும் நேரத்திலும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் அந்த வீதியில் நின்று பாருங்கள். வாவி அழகாகத்தான் இருக்கும், ஹோர்ன் சத்தம்தான் தாங்க முடியாது.

குடிமனைப் பகுதிகள் இந்தப் பள்ளத்தைச் சுற்றி மேலே ஏறுகின்றன: அஸ்கிரிய, அனிவத்த, பைரவகந்த, ஹந்தானை, அம்பிட்டிய, மஹியாவ. இணையத்தில் படம் பார்த்தால் ஒவ்வொரு வீட்டு பல்கனியிலிருந்தும் மலை, மூடுபனி, பச்சை. "நகருக்கு பத்து நிமிட நடை" என்று கீழே எழுதியிருப்பார்கள். இறங்கும்போது பத்து நிமிடம் என்பது உண்மைதான். ஏறும்போது அரை மணி, அதுவும் என் காலுக்கு. வரைபடத்தில் கிலோமீட்டர் தெரியும், மேடு தெரியாது. அனிவத்தை உச்சிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது ஆட்டோத் தம்பி பாதியில் நிறுத்தி, "மேல வரைக்கும் ஏறும் அக்கா, ஆனா நாலு பேரையும் ஏத்திக்கிட்டு ஏறாது" என்றார். நானும் கணவரும் இறங்கி நடந்தோம். வீடு அருமையான வீடு. பல்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. அம்மா அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்து நல்ல காற்று என்றார். எனக்கு அவரை அந்தக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போகப்போகும் நாட்கள்தான் கண்ணில் தெரிந்தன. ஒரு பால்மா பக்கெட் வாங்கக்கூட ஆட்டோ கூப்பிட வேண்டிய இடம் அது. வேண்டாம் என்றேன்.

நாங்கள் எடுத்தது அதே மலையின் அடிவாரத்தில், கட்டுக்கலைப் பக்கம். பேராதனை வீதியிலிருந்து ஒரு கொங்கிரீட் ஒழுங்கை பிரிந்து ஏறுகிறது. டயர் வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாகக் கீறி விட்டிருக்கிறார்கள். ஒழுங்கை முடியும் இடத்தில் கொஞ்சம் படி, ஒரு பக்கம் இரும்புக் குழாயில் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைத்தான் நான் முதலில் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. படிகளில் பாசி இல்லை, யாரோ தவறாமல் உரசிக் கழுவுகிறார்கள். பக்கத்துக் கானில் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. ஒரு தெருவில் இருப்பவர்கள் அந்தத் தெருவை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். தெருவே டீச்சர் என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கீழ் வீட்டில் அவர், பக்கத்து அனெக்ஸில் நாங்கள். வந்த முதல் மாலையே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். "தங்கச்சி, பழம், பிஸ்கட் எதையும் வெளிய வைக்காதீங்க, குரங்கு வந்துரும். துணியையும் அஞ்சு மணிக்கு முன்ன எடுத்துருங்க. தண்ணி வர்றப்ப டேங்க் சத்தம் கேக்கும், பயப்படாதீங்க." கூரைத் தாங்கியில் தண்ணீர் விழும் சத்தம் நடு இரவில் வந்தது. மகள் எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் பள்ளிவாசல் பாங்கு, பிறகு எங்கோ விகாரையிலிருந்து பிரித் ஓதல், அதற்குப் பிறகு கோயில் மணி. ஆறரைக்கு மேல் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை வாய் வரை வந்து நிற்கும். விடுமுறையில் எட்டு மணி வரை தூங்க நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எங்கள் வீட்டில் எல்லாரும் விடியலுக்கு எழும்பிப் பழகியவர்கள், அதனால் பிடித்திருந்தது.

அம்மாவுக்குக் கிடைத்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய விஷயம். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், மறுநாள் காலை நாங்கள் எழும்பும் முன்பே குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒழுங்கையின் கீறல் கோடுகளில் கால் வைத்து நடந்தார். பேராதனை வீதியில் அந்த நேரத்திலும் பஸ்கள் பறக்கும், அதுதான் எனக்குக் கவலை. மஞ்சள் கோட்டில் நின்றார், இரண்டு பிள்ளைகள் அவருக்கு இரண்டு பக்கமும் நின்று கடந்து விட்டார்கள். திரும்பி வரும்போது நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு கட்டு வல்லாரை. பூக்காரப் பெண்ணின் மூத்த மகன் எந்த ஊரில் வேலை செய்கிறான், கோயிலுக்கு வரும் யாருக்கு மட்டக்களப்பில் சம்பந்தம் என்று எல்லாம் தெரிந்து வந்தார். பிறகு நாங்கள் பேராதனைப் பூங்காவுக்கோ ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கோ போகும் நாட்களில், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்க வேலை இருக்கு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பல்கனியில் காவல் வைத்தது போல் இருத்திவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்காது. வயதானவர்களோடு பயணம் செய்பவர்கள் காட்சியை வைத்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒழுங்கையில் நடமாட்டமே இல்லை. அந்த நேரத்தில் பசித்தால் வீட்டில் இருப்பதைச் சமைக்க வேண்டும். தெரு நாய்கள் முகம் பழகும் வரை குரைக்கும். இருட்டிய பிறகு ஒருமுறை அந்த ஒழுங்கையில் நடந்து பார்க்காமல் முற்பணம் கட்ட வேண்டாம். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்பது பகலில் தெரியாது. ஆட்டோ பிரச்சினை இல்லை, பிக்மீ செயலியில் கூப்பிட்டால் வருகிறது. ஆனால் மழை கொட்டும் நேரத்தில் மேட்டுத் தெரு என்றால் சிலர் ரத்துச் செய்துவிடுகிறார்கள். பெரிய வானில் கூட்டமாக வருபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, வான் உள்ளே திரும்புமா என்பதை. இந்த ஒழுங்கைகள் ஒரு வாகன அகலம்தான். நம் வான் ஒன்று குறுக்கே நின்றால், அடுத்த நாள் காலை ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பிந்தும், ஒருவர் வேலைக்குப் பிந்துவார்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். குடிமனைப் பகுதி நமக்குப் பொருந்துமா என்று பார்ப்பது போலவே, நாம் அதற்குப் பொருந்துவோமா என்றும் பார்க்க வேண்டும். எதிர்வீட்டில் ஒரு பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், அவன் ஜன்னல் விளக்கு நடுச்சாமம் தாண்டியும் எரியும். மேல் வீட்டில் ஒரு படுக்கை நோயாளி. பக்கத்தில் முன்பு தங்கிய ஒரு கூட்டம் ராத்திரி முழுக்க ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டதாக டீச்சர் சொன்னார். அடுத்த நாள் அயலவர்களிடம் மன்னிப்புக் கேட்டது அவர்தான். கொண்டாட்டத்துக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஹோட்டலுக்குப் போங்கள், அதற்காகத்தான் அவை இருக்கின்றன.

ஒரு நாள் கணவரின் நண்பர் வீட்டுக்கு வட்டப்புளுவவுக்குப் போனோம். நகருக்கு வடகிழக்கே, மகாவலிக்குக் கிட்ட, சரிவான நிலத்தில் விரிந்த வீட்டுத் திட்டம். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1958இல் அரச ஊழியர்களுக்காக வடிவமைத்தது. குடிவரப் போகிறவர்களிடமே முதலில் கேள்விகள் கொடுத்து, நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், வீட்டில் என்ன வேண்டும் என்று கேட்டறிந்து அதற்கேற்ப வரைந்திருக்கிறார். இன்று பல வீடுகள் இடித்தும் கூட்டியும் மாறிவிட்டன. ஆனாலும் வீதிகள் மலையோடு சண்டை போடாமல் வளைந்து போகின்றன, வீட்டுக்கு வீடு மரம் நிற்கிறது. சின்னப் பிள்ளைகளோடு, சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு நான் கட்டுக்கலையைவிட அந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். வாகனம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பஸ் பார்க்க வேண்டும், அம்மாவின் காலைக் கோயில் நடையும் இருக்காது.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தை எப்படிப் புரட்டிப்போட்டது என்பது நமக்கெல்லாம் தெரியும். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதற்கு முன்பே, 2014 அக்டோபரில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் யார்? சரிவில் இருக்கும் எந்த வீட்டை எடுத்தாலும் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மண்ணை வெட்டித்தான் அந்த வீட்டைக் கட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்தில் தாங்குசுவர் இருக்கிறதா, சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, புதிதாக வெடிப்பு ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கலங்கிய ஊற்று திடீரென்று வெளிப்பட்டால் அது நல்ல அறிகுறி அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேறு என்று அர்த்தம், கட்டிய பணத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. டீச்சர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். துளைகளுக்குள் இலை அடைக்காமல் தானே குச்சியால் குத்திவிடுவதாகச் சொன்னார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கண்டியில் நல்ல மழை. அந்த மாதங்களில் சரிவு வீட்டை நான் எடுக்க மாட்டேன்.

வீட்டுச் சாப்பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள். கேட்டால் டீச்சர் காலையில் ரொட்டி சுட்டுத் தருவார், தடித்த ரொட்டி, தேங்காய்ப்பூ போட்டது. கூடவே அம்மியில் அரைத்த கட்டச்சம்பல். என் மகள் உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று கேட்பாள்.

தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலத்துக்கு இதே வீடு கிடைக்குமா என்று கிளம்பும்போது கேட்டேன். அந்த நாட்களில் வாடகைக்குக் கொடுப்பதில்லையாம். கும்பல் பெரஹரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹரா ஐந்து இரவு, அத்தனைக்கும் புசல்லாவையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் அவருடைய சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். மத்தியானத்துக்கே ஆட்கள் நடைபாதையில் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள், பின்னேரத்தோடு வீதிகளை மூடுவார்கள், முடிந்து மேடேறி வர நள்ளிரவாகும். பெரஹராவுக்காகவே வருகிறீர்கள் என்றால், வாடகை கூடினாலும் நகர மத்தியிலேயே, ஊர்வலம் போகும் வீதிக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். மற்ற மாதங்களுக்கு அடிவாரத்தில் ஒரு நல்ல ஒழுங்கை பாருங்கள்.