ஊர் இல்லாத புழு

நான் கடலியல் படித்தவள் இல்லை. முப்பது வருடம் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2018இல் சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்தவர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் ஜாவாவுக்குத் தெற்கே ஆழ்கடலுக்குப் போய்வந்த செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. 14 நாளில் 63 இடங்களில் மாதிரி எடுத்து, 12,000க்கும் மேற்பட்ட உயிரினங்களோடு திரும்பினார்கள். சில வலைகள் 2,000 மீட்டர் வரை இறங்கியிருக்கின்றன. நம் தீவைச் சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழம்தான்.

இத்தனையையும் உட்கார்ந்து பிரிப்பது யார் என்று யோசித்தேன். அப்படித்தான் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொண்டூழியராகச் சேர விண்ணப்பித்தேன்.

படிவம் நிரப்பியது, ரசாயனப் பாதுகாப்பு வகுப்பு எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டன. வேலைதான் மெதுவானது. கடலடிச் சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, மிஞ்சுவதை ரோஸ் பெங்கால் என்ற சாயத்தில் ஊறவைத்திருப்பார்கள். மணலும் சிப்பித் தூளும் வெளிறிக் கிடக்க, உயிராக இருந்தவை மட்டும் ரோஜா நிறத்தில் தெரியும். ஒரு கரண்டி சேற்றைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் புழு தனி, சிப்பி தனி, இறால் வகை தனி என்று சேர்க்க வேண்டும். முதல் சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் ஒரு தட்டைக்கூட முடிக்கவில்லை. எட்டு மில்லிமீட்டர் புழு ஒன்றின் இரு பக்கமும் பட்டு நூல் போல முடிகள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. கீரைக்கட்டு அலசும்போது எத்தனை புழுவைத் தூக்கி எறிந்திருப்பேன்! அன்று ஒரு புழுவின் முடி உடைந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் தவறு செய்தேன். பென்சில் முனை உடைந்துபோனதால், மாதிரி எடுத்த விவரத்தைத் துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் குப்பிக்குள் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் பார்த்தால், புழு கெடாமலிருக்க ஊற்றிய சாராயத்தில் மை கரைந்து சீட்டு வெறுமையாக இருந்தது. பயிற்சி தந்த தமிழ்ப்பெண் திட்டவில்லை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, புழு இருக்கு, அதோட ஊர் போச்சே” என்றாள்.

அதைக் கேட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த இடம், எத்தனை மீட்டர் ஆழம், எந்தத் தேதி என்பது போய்விட்டால் அந்த உயிர் எந்தக் கணக்கிலும் சேராது. அதே இடத்துக்குக் கப்பல் திரும்பப் போகவும் போவதில்லை. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இது புரியாமல் இருக்குமா? இப்போது 2பி பென்சில் நான்கைச் சீவி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். சீட்டு குப்பிக்கு வெளியே அல்ல, உள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே ஒட்டியது எப்படியும் ஒருநாள் உரிந்துவிடும்.

அந்த 2018 பயணத்தில் பிடித்த ஒன்றுக்கு 2020இல்தான் பெயர் வைத்தார்கள்: பாத்திநோமஸ் ரக்சாசா. பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஓடுமே, பல கால்களுள்ள சிறு பூச்சி, அதன் ஆழ்கடல் உறவு. ஓரடி நீளம், பதினான்கு கால். ரக்சாசா என்ற மலாய்ச் சொல் நம் ராட்சசன்தான். கையில் பிடித்த பிறகும் பெயர் வைக்க இரண்டு வருடம் ஏன் என்று முன்பு கேட்டிருப்பேன், இப்போது கேட்கமாட்டேன்.

சேர விரும்புகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள், குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியைச் சரிசெய்து பாருங்கள், கழுத்து வலி பாதி குறையும். வாரம் ஒரு நாளாவது தவறாமல் வரமுடியும் என்றால் மட்டும் பெயர் கொடுங்கள், பாதியில் விட்ட தட்டை இன்னொருவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். என் பெட்டியில் இன்னும் பதினொரு குப்பிகள் இருக்கின்றன.