ஜாம் கணிதத்துக்குப் புத்தகம் படித்த விதம்

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வான ஜாமின் ரிசல்ட் வந்துவிட்டது. எம்.எஸ்சி. சீட் கிடைத்துவிடும் என்ற நிம்மதியில் எழுதுகிறேன். தேர்வு முறை உங்களுக்கே தெரியும். புத்தகத்தை எப்படிப் படித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

பி.எஸ்சி.யில் எங்களுக்கு ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிரூபணத்தோடு படிக்கும் பாடம்) என்பது போர்டில் எழுதிப் போட்ட நிரூபணத்தை மனப்பாடம் செய்து செமஸ்டரில் கொட்டுவதுதான். ஒரு நிபந்தனை எதற்காக இருக்கிறது என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஏனென்றால் ஜாமின் பி பிரிவு (ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய பகுதி) கேட்பதே அதைத்தான்.

தேற்றத்தைப் படித்ததும் நிரூபணத்துக்குத் தாவாதீர்கள். நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, தேற்றம் பொய்யாகும் ஓர் உதாரணத்தை நீங்களே தேடுங்கள்.

மூடிய (முனைப்புள்ளிகளும் அடங்கிய), வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு யூனிஃபார்ம் கன்டினியூட்டி உண்டு, அதாவது இரண்டு எக்ஸ்கள் எவ்வளவு நெருங்கினால் மதிப்புகளும் நெருங்கும் என்பதற்கு எல்லா இடத்துக்கும் ஒரே அளவு போதும். 'மூடிய' என்பதை எடுத்துவிடுங்கள்: (0,1)-இல் ஒன் பை எக்ஸ் கெடுக்கிறது. 'வரம்புள்ள' என்பதை எடுத்தால், மெய்யெண் கோடு முழுக்க எக்ஸ் ஸ்கொயர். இப்போது நிரூபணத்தைத் திறந்தால் அந்த இரண்டு சொற்களும் வேலை செய்யும் இடம் தானாகத் தெரியும். வரம்பு இருப்பதால் போல்சானோ-வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் குவிகிற சப்சீக்வன்ஸை (ஒரு வரிசையிலிருந்து பொறுக்கியெடுத்த, ஒரே புள்ளியை நெருங்கும் உள்வரிசையை) தருகிறது. இடைவெளி மூடியது என்பதால் அது குவியும் புள்ளியும் உள்ளேயே இருக்கிறது. இவ்வளவு புரிந்தால் மனப்பாடமே வேண்டாம். சரி, வரம்பில்லாவிட்டால் எப்போதும் கெடுமா? பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை ரூட் எக்ஸ் கெடுவதில்லை. இந்த எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

தனி நோட்டில் இப்படிச் சேர்த்துக்கொண்டே போனேன்:

- ரோல் தேற்றம்: [-1,1]-இல் மாடுலஸ் எக்ஸ், முனைகளில் மதிப்பு சமம், ஆனால் 0-இல் வகையிட முடியாது
- ஒன் பை என் தொடர்: உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்கும், கூட்டுத்தொகை விரியும்
- [0,1]-இல் எக்ஸ் பவர் என்: ஒவ்வொன்றும் தொடர்ச்சி, எல்லைச் சார்பு 1-இல் அறுபடும்
- லக்ராஞ்ச் தேற்றத்தின் (உட்குலத்தின் அளவு குலத்தின் அளவை வகுக்கும்) மறுதலை: ஏ4 குலத்தில் (குரூப்) 12 உறுப்புகள், ஆனால் 6 உறுப்புள்ள உட்குலம் கிடையாது

உதாரணம் தோன்றாவிட்டால் அன்றைக்கு அங்கேயே நில்லுங்கள், அடுத்த பக்கம் போக வேண்டாம். பக்கக் கணக்குப் பார்த்தால் இது மெதுவாகத்தான் போகும். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை, யாராவது விடையைச் சொல்லிவிடுவார்கள். தனியாக உட்காருங்கள்.

டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்கும் மல்டிபிள் இன்டக்ரலுக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பழகினாலே கை வந்துவிடும்.

கடைசி மாதம் நோட்டு மட்டும் போதும். அப்புறம், பி பிரிவில் நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.